முண்டியம்பாக்கம் டு தந்திராயன்குப்பம்: அலையில் ஏறும் முன் ஆடுசதையைக் கவனிங்க!

விழுப்புரத்திலிருந்து சென்னை பக்கம் கிளம்பும் பாசஞ்சர் ரயிலுக்கு முதல் நிறுத்தம் முண்டியம்பாக்கம். அதற்கப்புறம் விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஸ்டேஷனில் இறங்கினால் கடல் வாசம் துளியும் கிடையாது. அரவைக் காலம் என்றால் சர்க்கரை ஆலையின் பாகு வாசம்தான் மூக்கில் ஏறும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் தொங்கும் கரும்பை உருவப் பார்ப்பார்கள்.

2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி இங்கே வந்தபிறகு ஊரின் நடமாட்டம் கூடிவிட்டது. கரும்பு லோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டு மாணவர்கள், ஸ்கேன் கவரோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கிராமத்துக்காரர்கள், இட்லி, பொங்கல் என்று எழுதிப் போட்ட புதுப்புது டிபன் கடைகள்.

கரும்பும் நெல்லும் விளையும் இந்த ஊருக்கும் அலைச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்? ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான் சம்பந்தம். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு பைக்கை எடுத்தால், ஆறரைக்குள் கடலில் கால் நனைத்துவிடலாம். இந்தப் பக்கத்து இளைஞர்கள் அப்படித்தான் போகிறார்கள். போன மாதம் என் அக்கா மகனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். "மாமா, நீங்களும் வாங்க. கரையில உட்கார்ந்து போட்டோ எடுத்தா போதும்" என்றான். போனேன். அன்றைக்கு கடலில் ஒரு பையனின் கால் இழுத்துக்கொண்டதும், அதைப் பயிற்சியாளர் சமாளித்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கடலோரத்தில் வளராத பிள்ளைகளும் அலையைத் தேடிப் போகும் காலம் இது. அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம் வழியே கடலுக்கு

முண்டியம்பாக்கத்திலிருந்து விழுப்புரம் வந்து, கிழக்கே திரும்பினால் கோலியனூர், வளவனூர், மதகடிப்பட்டு, திருபுவனை, கண்டமங்கலம், வில்லியனூர். இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போதே எல்லைகள் மாறி மாறி வரும். கொஞ்ச தூரம் தமிழ்நாடு, கொஞ்ச தூரம் புதுச்சேரி, திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்து எல்லை இப்படித்தான் கிழிந்த துணிபோலக் கிடக்கிறது. விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதையும் பழசு. 1879-ல் போட்டது.

புதுச்சேரி நகரத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கோட்டக்குப்பம். அங்கே மறுபடியும் விழுப்புரம் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. அதை ஒட்டிய மீனவ கிராமம்தான் தந்திராயன்குப்பம். வெளியூர்க்காரர்கள் 'செரினிட்டி பீச்' என்பார்கள். அதற்கும் வடக்கே சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஆரோவில் கடற்கரைகள். முண்டியம்பாக்கத்துக்காரர்கள் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வெளி மாவட்டம் போக வேண்டியதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

இந்தக் கரைக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி மாதங்களில் இங்கே கடல் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. மணல் வந்து சேராததால் வடக்கே இருந்த கடற்கரைகள் அரிக்கப்பட்டன. கரையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். இன்று தந்திராயன்குப்பம் பக்கம் நீங்கள் பார்க்கும் கல்வரிசைகளுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அலைச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு இது வெறும் வரலாறு இல்லை. கால் இழுத்துக்கொண்ட நேரத்தில் நீரோட்டம் கல்வரிசைப் பக்கம் தள்ளினால் ஆபத்து. எந்தப் பக்கம் இறங்கலாம், எந்தப் பக்கம் கூடாது என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கட்டுமரம் ஓட்டியவர்களின் கடல்

அலைச்சறுக்கு வெளிநாட்டு விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். ஆனால், கட்டுமரத்தில் நின்றபடி அலை தாண்டிப் போவதும், திரும்பும்போது அலை முதுகில் ஏறிக் கரைக்கு வருவதும் நம் மீனவர்களுக்குப் பரம்பரைத் தொழில். ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களில் கட்டுமரமும் ஒன்று. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் மீனவ இளைஞர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கைக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, அந்தக் கிராமத்தையே இந்தியாவின் அலைச்சறுக்கு வரைபடத்தில் ஏற்றினார். 2023 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்ட்டில் அதே மாமல்லபுரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டி நடந்தபோது, இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசிய அலைச்சறுக்குப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

இதையெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டுத்தான் உள்ளூர்ப் பிள்ளைகள் பைக்கை எடுக்கிறார்கள். அலை மீது நிற்கிற ஐந்து விநாடி வீடியோ எல்லோருக்கும் பிடிக்கும். அந்த ஐந்து விநாடிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பது வீடியோவில் வராது.

பாதி நேரம் படுத்தபடி

பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவிப் போவதுதான் அலைச்சறுக்கில் பெரும் வேலை. போட்டி வீரர்களைக் கவனித்த ஆய்வுகளிலேயே, கடலில் இருக்கும் நேரத்தில் சுமார் பாதி இப்படித் துழாவுவதில் போகிறது. மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதில் கழிகிறது. எழுந்து நிற்கிற நேரம் நூற்றில் பத்துப் பங்குகூட இல்லை.

துழாவுவது கை வேலைதானே, காலுக்கு என்ன? அங்கேதான் விஷயம். குப்புறப் படுக்கும்போது பாதம் பின்பக்கமாக நீண்டுவிடும். விரல்கள் பின்னால் பார்க்க, உள்ளங்கால் வானத்தைப் பார்க்கும். இந்த நிலையில் ஆடுசதை, அதாவது முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் திரண்டிருக்கும் கெண்டைக்கால் தசை, சுருங்கிய நிலையிலேயே இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் பலகையிலிருந்து சரியாமல் இருக்கக் காலையும் விறைப்பாக வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே சுருங்கியிருக்கிற தசையை இன்னும் இறுக்கினால், அது அப்படியே பூட்டிக்கொள்ளும்.

நம் பக்கத்தில் இதற்குப் பேர் 'கொறக்களி'. "கால் கொறக்களி இழுத்துக்கிச்சு" என்பார்கள். எழுத்தில் குரக்களி. சிலர் நரம்பு இழுத்துவிட்டது என்பார்கள். உண்மையில் இழுப்பது தசைதான். ஆனால் இழுக்கச் சொல்லி உத்தரவு போடுவது நரம்பு. அந்த வகையில் ஊர்ப்பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

கடலில் நடந்தது

அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. இடுப்பளவு, நெஞ்சளவுத் தண்ணீரில் பையன்கள் மூவரும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. முந்தின நாள் கல்லூரியில் வாலிபால் மேட்ச் விளையாடிய பையன் ஒருவன், திடீரென்று பலகையைப் பிடித்தபடி நின்றுவிட்டான். முகம் கோணியது. கரையிலிருந்த எனக்குக் கேட்கிற அளவுக்கு, "அண்ணா… கால்!" என்று கத்தினான்.

பயிற்சியாளர் அவனிடம் நீந்திப் போவதற்கு முன், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "போர்டை விடாத! மேல ஏறிப் படு!" பையன் தட்டுத்தடுமாறி ஏறிப் படுத்தான். அவர் பக்கத்தில் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு, அவனைத் திருப்பி உட்கார வைத்து, முழங்காலை நேராக்கி, கால்விரல்களைப் பிடித்து முகத்தை நோக்கி மெல்லத் தள்ளினார். உதறவில்லை, வெட்டி இழுக்கவில்லை. அரை நிமிஷம் அப்படியே பிடித்திருந்தார். "மூச்சை விடு தம்பி, அடக்காத" என்று மட்டும் சொன்னார். பையன் முகம் இளகியது. அதற்கப்புறம் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, ஒரு சின்ன நுரை அலையில் கரைக்குத் தள்ளிவிட்டார்.

மொத்தமே மூன்று நிமிஷம். தரையில் என்றால் "அய்யோ அம்மா" என்று உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்போம். கடலில் அதே வலி வந்தால், பயத்தில் ஆள் பலகையை விட்டுவிடுவார், மூச்சை அடக்கித் திணறுவார், தண்ணீரைக் குடிப்பார். குரக்களியைவிட அந்தப் பதற்றத்தில்தான் உயிருக்கு ஆபத்து அதிகம்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் வரும் சார், ராத்திரி மரத்துல போகும்போது. கட்டை விரலைப் பிடிச்சு மேல மடக்கிடுவோம். அதான் வைத்தியம்" என்றார். பயிற்சியாளர் செய்ததும் அதுதான்.

விரலை மடக்கினால் ஏன் விடுகிறது?

தசைக்குள் இரண்டு விதமான உணர்வு அமைப்புகள் உண்டு. ஒன்று, தசை நீள்வதைக் கவனித்து 'சுருங்கு' என்று தண்டுவடம் வழியே உத்தரவு வாங்கித் தருவது. இன்னொன்று, தசை நாணில் இருந்துகொண்டு, இழுவிசை அதிகமானால் 'போதும், தளர்ந்துகொள்' என்று அடக்குவது. தசை களைத்துப்போகும்போது முதலாவது கூடுதலாகத் துடிக்கிறது, இரண்டாவது மந்தமாகிறது. தசை சுருங்கிய நிலையில் இருந்தால் நாணில் இழுவிசையே இல்லாததால் அடக்குகிற குரல் இன்னும் தணிந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் மார்ட்டின் ஷ்வெல்நஸ் 1997-ல் முன்வைத்த விளக்கம் இது. விரலை முகத்தை நோக்கி மடக்கும்போது ஆடுசதை நீள்கிறது, நாண் இழுபடுகிறது, அடக்குகிற குரல் மறுபடி எழுகிறது. தசை விட்டுவிடுகிறது.

அப்படியானால், உப்புச்சத்துக் குறைவு என்று நாம் காலங்காலமாகச் சொல்வது? அதற்கும் பழைய சான்று உண்டு. 1920-களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெக்கையில் வேலை பார்த்தவர்களுக்குத் தசைகள் இழுத்துக்கொண்டன. ஜே.எஸ்.ஹால்டேன், கே.நெவில் மாஸ் ஆகியோர் ஆராய்ந்தபோது, வியர்வையில் உப்பு போய்விட, தொழிலாளிகள் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தது காரணமாகத் தெரிந்தது. தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்தபோது இழுப்பு குறைந்தது. பிற்காலத்தில் நெடுந்தூரப் போட்டி வீரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோதோ, குரக்களி வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உப்பு அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெயிலில் பல மணி நேரம் வியர்த்து, உடம்பு முழுக்கத் தசைகள் இழுத்தால் உப்பும் தண்ணீரும் முக்கியம். ஒரே காலில், களைத்த ஒரே சதையில் இழுத்தால் களைப்புதான் முதல் சந்தேகம். வாலிபால் ஆடிய பையனுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் குளிர்ந்த தண்ணீரைக் காரணமாகச் சொல்லும். நம் கடலுக்கு அது பொருந்தாது. ஆண்டு முழுக்க இங்கே தண்ணீர் வெதுவெதுப்புதான். நம் எதிரி வெயில். கடலுக்குள் இருக்கும்போது வியர்ப்பது தெரியவே தெரியாது. தாகமும் தாமதமாகத்தான் வரும்.

இறங்குவதற்கு முன்

பயிற்சியாளரிடமும் எனக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தொகுத்தது இது.

* இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்துங்கள். பிறகு மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். 10 முதல் 15 முறை, இரண்டு சுற்று. இறக்குவதை நிதானமாகச் செய்வதில்தான் பலன்.

* முந்தின நாள் காலுக்குப் புதிதாகக் கடும் வேலை கொடுக்காதீர்கள். நன்றாகத் தூங்குங்கள்.

* முந்தின இரவு மது வேண்டவே வேண்டாம். புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மது உடம்பின் நீரை வெளியேற்றும். கடலில் நிதானத்தையும் எடுத்துவிடும்.

* கடலில் இறங்க இரண்டு மணி நேரம் முன்பு இட்லி, இடியாப்பம் மாதிரி எளிதாகச் செரிப்பதைச் சாப்பிடுங்கள். உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ ஒரு டம்ளர். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதோடு உப்புள்ள உணவும் இருக்கட்டும்.

* கரையில் ஐந்து நிமிடம் நடை, கணுக்காலைச் சுழற்றுதல், குதிகாலைத் தூக்கி இறக்குதல். புதுமணலில் வேகமாக ஓடிக் காட்ட வேண்டாம். மணல் ஓட்டம் ஆடுசதையைத்தான் முதலில் களைக்க வைக்கும்.

* பலகையில் படுத்திருக்கும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை கால்விரல்களை முகத்தின் பக்கம் மடக்கி விடுங்கள். காலை விறைப்பாக வைக்காதீர்கள்.

* புதியவர்கள் 30, 40 நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்கு வந்து நிழலில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். சதை லேசாகத் துடிக்கத் தொடங்கினாலே அது முன்னறிவிப்பு. 'இன்னும் ஒரே ஒரு அலை' என்று நிற்காதீர்கள்.

தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டால்

1. பலகையை விடாதீர்கள். அது மிதக்கும், உங்களையும் மிதக்க வைக்கும். கணுக்காலில் கட்டிய லீஷ் கயிற்றையும் அவிழ்க்காதீர்கள்.

2. ஒரு கையை உயர்த்தி மற்றவர்களுக்குக் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

3. பலகையின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால், இழுத்த காலை முன்னால் நீட்டி, முழங்காலை நேராக்கி, விரல்களைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். ஆடுசதை முழங்காலையும் தாண்டி மேலே தொடையெலும்பில் ஒட்டியிருப்பதால், முழங்கால் மடங்கியிருந்தால் முழுப் பலன் கிடைக்காது.

4. உட்கார முடியாவிட்டால், குப்புறப் படுத்தபடியே விரல் நுனிகளைப் பலகையில் ஊன்றி, குதிகாலைப் பின்னால் தள்ளுங்கள். நீளமான பலகையில் இது சுலபம்.

5. 20, 30 விநாடி மெதுவாகப் பிடித்திருங்கள். விட்டதும் சதையைக் கையால் பிசைந்துவிடுங்கள். உடனே திரும்பவும் இழுக்கலாம். அதனால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

6. எழுந்து நிற்க முயலாமல், படுத்தபடியே நுரை அலையில் கரைக்கு வாருங்கள். நின்று நடக்கும் ஆழம் வந்ததும் பலகையைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவே பலகை இருந்தால், அடுத்த அலை அதை உங்கள்மேல் அடிக்கும்.

7. பலகையே இல்லாமல் நீந்தும்போது வந்தால், மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானமாக்கி, அந்தக் காலின் விரல்களைப் பிடித்து இழுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதறித் துடிக்கிறவரை வெறுங்கையோடு போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள், உங்களையும் சேர்த்து அழுத்திவிடுவார். பலகையை அவர் பக்கம் நீட்டுங்கள்.

வாழைப்பழம், ஊறுகாய், மாத்திரை

குரக்களி என்றதும் வாழைப்பழம் நினைவுக்கு வரும். நல்ல பழம், சாப்பிடுங்கள். ஆனால், இழுத்துக்கொண்ட பிறகு சாப்பிட்டால் அதன் சத்து ரத்தத்தில் சேர்வதற்குள் வலி தானாகவே போயிருக்கும்.

அமெரிக்காவில் ஊறுகாய்த் தண்ணீர் குடிக்கிற வழக்கம் உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், மின்தூண்டலால் கால் தசையை இழுக்கச் செய்து, தண்ணீரையும் ஊறுகாய்த் தண்ணீரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஊறுகாய்த் தண்ணீர் குடித்தபோது சீக்கிரம் விட்டது. ரத்தத்தில் உப்பு ஏறுவதற்கு முன்பே விட்டதால், புளிப்பும் காரமும் தொண்டையில் பட்டு நரம்பு வழியாகவே வேலை செய்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். அது வெள்ளரிக்காயை வினிகரில் ஊறவைத்த தண்ணீர். நம்ம ஆவக்காய் எண்ணெயைக் கடற்கரைக்கு எடுத்துப் போக வேண்டாம்!

மெக்னீசியம் மாத்திரை முதியவர்களின் இரவு நேரக் குரக்களிக்குப் பெரிதாக உதவவில்லை என்பதே ஆய்வுகளின் தொகுப்பு முடிவு. குயினைன் மாத்திரைக்குக் கடுமையான பக்கவிளைவுகள் உண்டு. கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

எப்போது டாக்டர்?

வலி சில நிமிடத்தில் விடாமல் நாள் முழுக்க நீடித்தால், ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு இருந்தால், அது ரத்தக்குழாயில் உறைகட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 'டப்' என்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து காலை ஊன்ற முடியாவிட்டால், தசை கிழிந்திருக்கலாம். உடம்பெல்லாம் இழுத்து, வாந்தி, குழப்பம் வந்தால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து, 108-ஐ அழையுங்கள். அடிக்கடி குரக்களி வருகிறவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தமும் சிறுநீரகப் பிரச்னையும் உள்ளவர்கள் உப்பைத் தாங்களாகக் கூட்டக் கூடாது.

திரும்பும் வழியில் உப்பு

நாங்கள் வந்த வழியே திரும்பவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே போய், மரக்காணம் வழியாகத் திண்டிவனம், அங்கிருந்து முண்டியம்பாக்கம் என்று சுற்றினோம். மரக்காணத்தில் சாலைக்குப் பக்கத்திலேயே உப்பளங்கள். பாத்திகளில் நின்ற தண்ணீரில் வானம் தெரிந்தது, வரப்பில் வெள்ளைக் குவியல்கள். பக்கத்தில் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

உப்பளத்தில் வெயிலில் நின்று வாரும் பெண்களைப் பார்த்துக்கொண்டே அக்கா மகன் சொன்னான்: "மாமா, நம்ம ஊர் சர்க்கரை, இந்த ஊர் உப்பு… ரெண்டும் சேர்ந்தா ஓ.ஆர்.எஸ்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் இந்தக் கரைசலை வாயால் குடிக்கக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். வீட்டிலேயே தயாரிக்கலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. வெயிலில் வியர்த்து வேலை செய்பவர்களுக்கும் இது உதவும். பாக்கெட் வாங்கினால் அதில் போட்ட அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும்.

முண்டியம்பாக்கம் வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் கரும்பு வெட்டப் போகும் ஓர் அம்மா, திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பையன்கள் கதையைச் சொன்னதும் சிரித்தார். "எங்களுக்கு தெனமும் ராத்திரி வரும்யா. வெட்டும்போது வராது, படுத்ததுக்கு அப்புறம்தான் வரும்" என்றார். கூழில் உப்புப் போட்டுக் குடிப்பாராம். தூங்கும்முன் சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் படும்படி அரை நிமிடம் நிற்கும் பயிற்சியை அக்கா மகன் செய்து காட்டினான். அந்த அம்மாவும் எழுந்து நின்று செய்து பார்த்தார். வீட்டில் இரவு நேரக் குரக்களியால் கஷ்டப்படும் பெரியவர்கள் யாரும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை போதும்.

போகிறவர்களுக்கு

அதிகாலையிலோ மாலையிலோ போங்கள், நடுவெயில் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். புயல் எச்சரிக்கை இருந்தாலோ, மீனவர்கள் கடலுக்குப் போகாமல் இருந்தாலோ நீங்களும் இறங்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் இல்லாமல், தனியாக, பலகையை மட்டும் வாடகைக்கு எடுத்து இறங்குவது வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "கால் இழுத்துக்கொண்டால் நான் எப்படி சைகை காட்ட வேண்டும்? நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருப்பீர்கள்?" சட்டென்று பதில் சொல்கிறவரிடம் பிள்ளைகளை நம்பி அனுப்பலாம்.

பையில் எடுத்துப்போக: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாட்டில் உப்பு மோர், இரண்டு ஓ.ஆர்.எஸ் பாக்கெட், துண்டு, தொப்பி.